பருந்துக்குக் கட்டம் கிடையாது

உத்தரவு வந்தது ஆனி மாசம்,
கணவாய்க் காற்று மானூர்ப் பொட்டலில்
தகரத்தைப் பிய்க்கிற நேரம்.
கண்ணாடியை எங்கோ வைத்துவிட்ட முதலாளி தங்கநேசன்
என்னிடம் நீட்டினார்: நீ வாசி, பிரமாச்சி.
எட்டாம் வகுப்பு நான். வாசித்தேன்.
கம்பிக்கூண்டு கூடாது.
ஐந்து கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி.
இறக்கை விரிக்க இடம். கிளற உமி.
முடித்து, தாளைச் சும்மா கூண்டின் மேல் வைத்தேன்.
ஒரு கோழிக்கு உள்ள இடத்தை மூடி
நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது தாள்.

கோழிக்குமால சட்டம், என்று சிரித்தான்
லோடு ஏற்ற வந்த மைக்கேல்துரை.
நான் சிரிக்கவில்லை. கருணையால் அல்ல.
கூண்டில் முட்டை தானே உருண்டு வரும்.
அந்தச் சரிவு என் கைக்காக வைத்தது.
இனி நான்தான் குனிய வேண்டும்.
என் இடுப்பைப் பற்றி
தாளில் ஒரு வரி இல்லை.

ஆடி முடியுமுன் அறுத்துத் தள்ளினார்கள்.
மேலப்பாளையம் காஜா மைதீன் எடைக்கு எடுத்தான்,
கிலோ இருபத்தெட்டு.
கம்பியில் சிக்கியிருந்த நகங்களும்
எடையில் சேர்ந்து போயின.

ஆயிரத்து எழுநூறு கோழி.
முதல் நாள் உமியில் நின்றன,
கம்பியைப் பிடித்த மாதிரியே விரல் மடக்கி.
பிறகு ஒன்று சரிந்து படுத்து
உமியை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டது.
கரண்டுப் பெட்டியில் பொரித்து
அந்தரத்தில் வளர்ந்தது அது.
புழுதியில் குளிக்கலாம் என்று
யார் போய் ஓதினார்கள் அதன் காதில்?

முற்றத்துக்கு மேற்கே ஒரு காற்றாலை.
பார்த்துப் பார்த்து
நாங்கள் பார்க்காமலே போய்விட்ட ஒன்று.
நாலு மணிக்கு மேல் அதன் இறக்கை நிழல்
முற்றத்தில் விழும், போகும், விழும்.
ஒவ்வொரு வீச்சுக்கும்
ஆயிரத்து எழுநூறும் தரையோடு ஒட்டிக்கொண்டன.
வானமே இருந்ததில்லை அதுகளுக்கு.
ஆனாலும் பருந்து தெரிந்திருக்கிறது.

டாக்டர் மேடம் ஷெரின் வந்தாவ.
டேப் பிடித்துக் கொட்டகையை அளந்தாவ.
எல்லாம் சரியா இருக்கு, என்றாவ.
நிழலை என்ன செய்ய, கேட்டேன்.
பழகிரும்.
அவிய கிளம்புமுன் டேப்பை ஒரு நிமிஷம் வாங்கி
எங்கள் லைன் வீட்டை அளந்துகொண்டேன்.
கணக்கை யாரிடமும் சொல்லவில்லை.

பழகிட்டு.
பதினோராம் நாள் நிழல் அதுபாட்டுக்கு வர
அதுகள் அதுபாட்டுக்குக் கிளறின.
பெட்டி வரிசையாக இருக்க, ஒரு சவம்
முதலாளியின் ஹெல்மெட்டுக்குள் முட்டையிட்டது.

பன்னிரண்டாம் நாள் ஒரு நிழல்
சுற்றாமல், நேராக வந்தது.
ஒன்றும் ஒளியவில்லை.
நான் வீசிய வாரியல் வெறும் காற்றில் போனது.
இரண்டு இறகு.
பிறகு காற்று அதையும் எடுத்துக்கொண்டது.

கூண்டுல இருந்திருந்தா, என்று தொடங்கினார் முதலாளி.
முடிக்கவில்லை.
கூண்டு நாளில் விடியுமுன்
காலைப் பிடித்து நான் உருவிப்போட்டது அவருக்கும் தெரியும்.
தினம் நாலு, ஆறு.
சித்திரையில் ஒரு நாள் முப்பது.
கழிவு என்று ஒரு கட்டம் இருந்தது அதற்கு.
எண்ணை எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

இன்றைக்குப் பதிவேட்டைத் திறந்தால்
நோய், வெக்கை, கொத்து, கழிவு.
பருந்துக்குக் கட்டம் கிடையாது.
கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
பேனாவை உதறி உதறி எழுதினேன்:
ஒன்று. மணி நாலரை. முற்றத்தில், வெயிலில்.

இன்னும் பொறுக்காத முட்டைகள்
எங்கெல்லாமோ கிடக்கின்றன.
குனிகிறேன், நிமிர்கிறேன், இடுப்பு கழலுது.
மேற்கே அது பாட்டுக்குச் சுற்றுகிறது.
கோழிகள் தலை தூக்குவதில்லை.
ஒவ்வொரு நிழலுக்கும்
அண்ணாந்து பார்க்கிறவள்
இப்போது நான் ஒருத்திதான்.